மெழுகுல விழுந்த வட்டம்

ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அளவு ரூம் அம்மா மூணு தடவை அளந்து பாத்துட்டாங்க. கல் வெட்டுற செக்‌ஷன்ல இருக்கிற அவங்க கொழுந்தன் கூப்பிடுற மாதிரி நாமளும் அவங்களை அண்ணின்னே சொல்லுவோம்.

அவங்க கம்பெனி வெட்டி விக்கிற படிகக் கல்லுல சூடு ஒரு திசையில வேகமா ஓடணும், குறுக்க கிட்டத்தட்ட பாதிதான் போகணும். இந்தக் கல்லு, வேகமான திசையைக் காட்ட மேல போட்டிருக்கிற அம்புக்குறி வழியா அளந்தாலும் குறுக்க அளந்தாலும் துளி வித்தியாசம் காட்டல.

கல்லை வெட்டிக் கொடுத்தது கொழுந்தன். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான். போன வாரம் புது போன் வச்சிருந்தான், ஏதுன்னு கேட்டா மழுப்பினான். நல்ல கல்லை வெளிய தள்ளிட்டு வேற எதையோ வெட்டி நீட்டிட்டானோ? இப்ப நினைச்சா அவன் சிரிச்சதுகூட திருட்டுச் சிரிப்பாத்தான் தெரியுது. "கல் மாறியிருக்கு, வெட்டுறவரை விசாரிங்க"ன்னு காலையிலயே மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.

மதியம் மேனேஜர் அவனையும் கூட்டிக்கிட்டு அளவு ரூமுக்கே வந்துட்டார். பதில் சரியில்லன்னா இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்னு அவன்கிட்ட சொல்லியாச்சு.

"என்ன அண்ணி, வீட்டுல ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"கேட்டா உண்மையைச் சொல்லிடுவியாக்கும்."

அவன் கல்லைக் கையில எடுத்தான். அம்புக்குறி இருந்த பக்கத்துல மெழுகை மெல்லிசாப் பூசி, நடுவுல சூடான ஊசியை வச்சான். மெழுகு உருகி வட்டமா விழுந்துச்சு.

"பாருங்க சார்"னாங்க அண்ணி. "நம்ம கல்லா இருந்தா முட்டை மாதிரி நீளமா உருகணும்."

கொழுந்தன் கல்லோட ஓரத்தைத் தடவினான். "நான் அம்பு போட்டது பென்சில்ல. இது பேனா அண்ணி."

அண்ணி அந்தப் பேனாக் கோட்டைக் குனிஞ்சு பாத்தாங்க. அளக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாங்க. பென்சில் கோடு போயிடுச்சு. ஞாபகத்துல திரும்பப் போட்டது அவங்கதான். பகடை மாதிரி ஆறு பக்கமும் ஒரே சாயல்ல இருக்கிற கல்லு வேற.

"துடைச்சுடுவீங்கன்னு தெரியும். உங்களை நம்பாமத்தான் அம்பு இருந்த பக்கத்து ஓரத்துல சின்னதா ஒரு வெட்டு வச்சேன்."

வெட்டு இருந்த பக்கத்தைத் திருப்பி, மெழுகு பூசி, ஊசி வச்சான். நீளமா, முட்டையாட்டம் உருகுச்சு.

மேனேஜர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். "சொந்தக்காரங்க சேர்ந்து நாடகம் ஒண்ணும் ஆடலையே?"

அண்ணி அவர் கையில இருந்த கடுதாசியை வாங்கி, "கல் மாறல. அம்புக்குறியை அழிச்சு வேற பக்கம் போட்டது நான்"னு கீழ எழுத ஆரம்பிச்சாங்க.

"பென்சில்ல எழுதிடாதீங்க அண்ணி"ன்னான் கொழுந்தன்.