புது சிஸ்டத்தில் ஓடுமா

மறுபடியும் அந்த நீலப் பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது. புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் தயார், பழையதற்கு இனிப் பாதுகாப்பு கிடையாது என்றது. கீழே இரண்டு பொத்தான்கள்: 'இப்போதே மாற்று', 'பிறகு நினைவூட்டு'. கண்ணாடிக் கடைக்காரர் வழக்கம்போலப் பிறகு என்பதையே அழுத்தினார். கடைக்கு வருகிறவர்களிடம் நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, 'இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா' என்று கேட்கிற மனிதர். இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு எதுவுமே தெளிவாக இல்லை.

வீட்டிலிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் அவர் மனைவியின் குரல் இருந்தது. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். தொண்டையில் கட்டி, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், ஆபரேஷனுக்கு முன்னால் அவளை உட்கார வைத்து வாக்கியம் வாக்கியமாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவுகளை வைத்து, அவள் தட்டச்சு செய்வதையெல்லாம் ஒரு புரோகிராம் அவள் குரலிலேயே பேசியது. அதை எழுதிய சின்னக் கம்பெனியை மூடிவிட்டார்கள். புது சிஸ்டத்தில் அது ஓடுமா என்று சொல்ல ஆளில்லை.

வெளியூரிலிருந்த மகள், "பழசுல வைரஸ் வந்தா மொத்தமும் போயிடும்ப்பா, தள்ளிப்போடாதீங்க" என்றாள். இன்டர்நெட்டைக் கழற்றிவிடலாம் என்றால், அம்மாவும் மகளும் பேசிக்கொள்வதே அதில்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர் தலையைச் சொறிந்தார்.

"மாத்தினா ஓடலாம் சார். ஓடாமயும் போகலாம்."

"அப்ப வேண்டாம்கறீங்களா?"

"அப்படியும் சொல்ல மாட்டேன் சார்."

அன்று சாயங்காலம் மனைவி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல்கள் கீபோர்டில் படபடவென்று விழுந்தன. ஸ்பீக்கரிலிருந்து பிசிறில்லாத இனிமையான குரல் வந்தது.

"எல்லார்கிட்டயும் கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?"

"உன் குரல் போயிடுமோன்னுதான் பயமா இருக்கு."

"இது அறிவிப்புக் குரல். இதுல எனக்குக் கோபப்படவே வரல. போன வாரம் உங்ககூட சண்ட போட்டேனே?"

"சண்டையா? எப்ப?"

"பாத்தீங்களா."

அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே நின்றுவிட்டது. 'என்னைக் கொஞ்சம் தனியா விடுங்க' என்று அந்தக் குரல் சொன்னது நினைவுக்கு வந்தது. ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்கிற அதே பதமான தொனியில். அதைக் கேட்ட பிறகும் அவர் டீ போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்படியானால் இத்தனை நாளும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது யாரை? அவள் வெளியே போயிருக்கிற நேரங்களில் அவரே அந்தப் புரோகிராமைத் திறந்து, 'சாப்டீங்களா' என்று தட்டச்சு செய்து, அது சொல்வதைக் கேட்டிருக்கிறார். சில சமயம் பதிலும் சொல்லியிருக்கிறார். அதை இப்போது சொல்ல வாய் வரவில்லை.

"அப்ப இது போனாப் பரவாயில்லையா?"

அவள் எதையோ அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள்.

"தெரியல. இதக் கேட்டாத்தான் பொண்ணு அழாம பேசறா. அதுக்கு இது வேணும். ஆனா எனக்குக் கத்தணும்."

கத்தணும் என்பதையும் குரல் பதமாகத்தான் சொன்னது. அவள் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்கத் தொடங்கினாள். வைத்திருந்தாலும் தப்பு, போனாலும் தப்பு. வைத்துக்கொள்ள நினைப்பது அவளுக்காகவா, தனக்காகவா என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. சமையலறை வாசலில் போய் நின்றார்.

"நீயே சொல்லிடு. புதுசு வேணுமா, வேண்டாமா?"

கையெல்லாம் சோப்பு நுரை. அவள் திரும்பி, உதடுகளை மட்டும் அசைத்து ஒரு வார்த்தை சொன்னாள். 'வே' என்று தொடங்கியது தெரிந்தது. முடிவில் 'ம்' என்று உதடுகள் மூடியதும் தெரிந்தது. நடுவில் என்ன வந்தது என்று பிடிபடவில்லை.

"என்ன? இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். இந்தத் தடவை முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. அவர் இன்னும் நெருங்கிப் போனார். அவள் உதடுகளிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டி, சளசளவென்று கொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.