தொழுவுக்கு இரண்டாம் வாசல்

கோவில்பட்டி ஸ்டேஷனுக்குக் கிழக்குப் பக்கமும் ஒரு வாசல் திறந்தார்கள். அன்றோடு அந்தப் பக்கத்துக் கரிசல்காட்டுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பருத்தி விளைந்த இடத்தில் மஞ்சள் கல் முளைத்தது. கல்லுக்குப் பக்கத்தில் போர்டு, போர்டுக்கு எதிரே டீக்கடை. மழை உண்டுமா என்று கேட்ட வாயெல்லாம் சென்ட் என்ன விலை என்று கேட்டது.

கிருஷ்ணவேணிக்கும் அவள் புருஷன் மாயகிருஷ்ணனுக்கும் அங்கே ஒரு துண்டு நிலம் உண்டு. முள்வேலிக்குள் ஆட்டுத் தொழு. அதைக் கேட்டு புரோக்கர் யோகராஜ் நடையாய் நடந்தான்.

"வித்துருவோம்ட்டி. தொழு போச்சுன்னா ஆட்ட எங்கன அடைக்க? அதையும் சேத்துத் தள்ளிருவோம்" என்றான் மாயகிருஷ்ணன்.

ஆட்டை விற்பதா? கிருஷ்ணவேணிக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை அவள்; வேடிக்கை பார்க்கிற ஆள். புது வாசலில் போய் நின்றுகொண்டாள். காலையில் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை விட இடமில்லாமல் அல்லாடினார்கள். எங்கே போறிய, எப்போ திரும்புவிய என்று ஒருத்தர் விடாமல் கேட்டுத் தீர்த்தாள். ஆடு மேய்ச்சலுக்குக் கிளம்பும் நேரம் இவர்கள் வருகிறார்கள், அது அடைய வருமுன் போய்விடுகிறார்கள். பகலெல்லாம் தொழு சும்மாதானே கிடக்கிறது?

"அங்கன வண்டிய விடட்டும். தை பிறக்க வரைக்கும் பாப்போம். சரிப்படலன்னா நானே கையெழுத்துப் போடுதேன்" என்றாள்.

நன்றாகத்தான் ஓடியது, ரயில் தாமதமான அந்தச் சாயங்காலம் வரை. பைக்கெல்லாம் அப்படியே நிற்க, மந்தை வந்துவிட்டது. ஆடுகளை டீக்கடைப் பக்கம் மறித்து வைக்கப் புருஷனிடம் சொன்னாள். பாலூட்டும் ஆடுகளின் குட்டிகளைத் தொழு மூலையில் கூடாப்பு என்கிற பெரிய கூடைக்குள் கவிழ்த்துவிட்டுத்தான் மேய்ச்சலுக்குப் போவார்கள். ரயிலைக் கணக்குப் பார்த்தவள் அதை மறந்துபோனாள். மடி கனத்து வருகிற தாயிடம் ரயில் லேட் என்று யார் சொல்வது? குட்டி கத்தியதும் தாய்கள் மாயகிருஷ்ணன் நீட்டிய கம்பைத் தாண்டிப் பாய்ந்தன. பைக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன.

டீக்கடையில் இருந்த யோகராஜ் எழுந்து வந்து பார்த்தான். "இனி எவன் வண்டி விடுவான்? காலையில வாரேன்க்கா" என்று போனான்.

ரயில் வந்தது. கண்ணாடி உடைந்தவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கிருஷ்ணவேணி போய்க் கூடாப்பைத் தூக்கினாள். ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகும் பிரித்திகா மட்டும் நின்று பார்த்தாள்.

"இத்தன குட்டியில தன் குட்டிய எப்படிக்கா கண்டுபிடிக்குது?"

"மோந்து பாக்கும்மா."

ஏசியவர்களும் ஒவ்வொருவராய்க் குனிந்து பார்த்தார்கள். பால் குடித்து முடியும் வரை யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. மாயகிருஷ்ணன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

விடிந்ததும் அவன் கடப்பாரையோடு வேலியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். யோகராஜுக்கு அளந்து கொடுக்கத்தான் என்று நினைத்து அவள் ஓடி வந்தாள்.

"எதுக்குப் புடுங்குதிய?"

"மேக்க வண்டி, கெழக்க ஆடு. நடுவுல படல் கட்டணும், வந்து பிடி. ஸ்டேஷனுக்கே ரெண்டு வாசல் வச்சிருக்காவ, நமக்கு வச்சா என்ன?"

அந்நேரம் யோகராஜ் பைக்கில் வந்து இறங்கினான்.

"அண்ணாச்சி, வண்டிய மேக்கு வாசல்ல விடுங்க" என்றாள் கிருஷ்ணவேணி.