எஸ்தர் இன்றைக்கு வரவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறந்தது கற்பனையில் இல்லை, வெட்கத்தில். நடந்தது 2007 ஜூலையில். ரெண்டு வருஷமாக முதல் வரியை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

"வெம்பக்கோட்டைச் சாலையில் அந்தி சாயும் நேரம், தூரத்தில் ஒரு..."

அடச்சீ, அந்தி என்ன அந்தி! நடந்தது பட்டப்பகலில், ஞாயிறு பதினோரு மணிக்கு, ஃபேன்கூட இல்லாத ஒரு தகரக் கொட்டகையில்.

"ஜெமிமா டீச்சர் கடவுளுக்கு மிகவும் பயந்த..."

இதுவும் வேண்டாம். பயந்திருந்தால் கதையே கிடையாது.

2

ஜெமிமா சிவகாசிப் பக்கம் ஒரு சின்ன மிஷன் ஊழியத்தில் டியூஷன் டீச்சர். வெடிக் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளும் இலங்கை அகதி முகாம் பிள்ளைகளும் சாயங்காலம் வந்து படிப்பார்கள். அது போக அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. ஊழியத்துக்காக ஜெபிக்கிறவர்களுக்கு மாசாமாசம் அச்சடித்து அனுப்புகிற ஜெபக் கடிதத்தில் ஒரு பிள்ளையின் சாட்சியை, அதாவது அது பட்ட பாட்டையும் மீண்ட கதையையும், எழுத வேண்டும்.

அந்த மாசம் வேல்விழியைப் பற்றி எழுதினாள். முகாம் பிள்ளை, எட்டாம் வகுப்பு. சண்டை திரும்ப மூண்டதும் மன்னாரிலிருந்து படகேறி வந்த குடும்பம். படகுக்காரன் கரைக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுப் போய்விட, அப்பா யோகராசா கழுத்தளவுத் தண்ணீரில் மகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்தார். இப்போது ஏழாயிரம்பண்ணையில் லோடு ஏற்றுகிறார். பிள்ளை வகுப்பில் முதல் மார்க். அம்புட்டுத்தான் சாட்சி.

பொறுப்பாளர் அகஸ்டின் பிரதர் வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நல்லாத்தான் இருக்கு சிஸ்டர். ஆனா வாசிக்கிறவுக கண்ணு கலங்க வேண்டாமா? எல்லாரும் சொகமா இருக்காகன்னா எதுக்கு ஜெபிப்பாக?"

ஜெமிமா பேனாவை எடுத்தாள். கடைசியில் ஒரே ஒரு வரி சேர்த்தாள். "மகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்த தகப்பன் அலையோடு போனார்." பிள்ளையின் பெயரை எஸ்தர் என்று மாற்றினாள். வேதாகமத்து எஸ்தருக்கும் தகப்பன் கிடையாது. எம்புட்டுப் பொருத்தம் என்று அவளுக்குப் பெருமை வேறு.

(அடைப்புக்குள் ஒன்று. அகஸ்டின் மேல் பழியைத் தள்ள இந்தப் பகுதியில் நான் படாத பாடு பட்டிருக்கிறேன். அவர் கண் கலங்கணும் என்றுதான் சொன்னார். ஆளைக் கொல்லச் சொல்லவில்லை.)

3

கடிதம் நாகர்கோவிலுக்கும் கோயம்புத்தூருக்கும் போகும். இங்கே யாரும் வாசிக்கிறதில்லை. ஆனால் அந்த ஞாயிறு ஸ்தோத்திரக் கூட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு ஐயா வந்திருந்தார். "இந்த மாசச் சாட்சியை யாராவது வாசிங்களேன்" என்றார். அங்கே ஒரு வழக்கம்: எதுவானாலும் திக்காமல் வாசிக்கிற பிள்ளையைத்தான் மைக் முன்னால் நிறுத்துவார்கள். டீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்த ஜெமிமா, நிமிராமலே, பழக்க தோஷத்தில் சொன்னாள்: "வேல்விழிகிட்டக் குடுங்க."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அன்றைக்குப் பெற்றோர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் யோகராசா, துவைத்த வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

வேல்விழி வாசித்தாள். படகு வந்தது. கழுத்தளவுத் தண்ணீர் வந்தது. இந்த இடத்தில் அவள் குரல் நடுங்கியதாக ஒரு தடவை எழுதிவைத்திருந்தேன். பொய். நடுங்கவே இல்லை. நான், சரி, ஜெமிமா சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தி நிதானமாக, தன் தகப்பன் அலையோடு போனதை வாசித்து முடித்தாள்.

நாலு பேர் மூக்கைச் சிந்தினார்கள். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த எஸ்தர் பிள்ளை வந்திருக்கா? கூப்பிடுங்க, தலையில கைவச்சு ஜெபிக்கணும்."

யோகராசா எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போய், சைக்கிள்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டார். செத்தவர் உள்ளே இருக்கக் கூடாதல்லவா.

வேல்விழி ஜெமிமாவின் பக்கத்தில் வந்து காதோடு கேட்டாள். "டீச்சர், நான் போகோணுமோ? அப்பாட உடம்பு கிடைச்சதோ எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது?"

4

முடிவு ஒன்று: ஜெமிமா மைக்கை வாங்கி எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறாள். இதை மூன்று தடவை எழுதினேன். பிரமாதமாக வந்தது. எழுதும்போது எனக்கே கண் கலங்கிற்று. கலங்கியதாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வேல்விழி வாசலைக் காட்டி, "அந்தா நிக்கிறார் என்ட அப்பா" என்று... வேண்டாம். பதிமூன்று வயசுப் பிள்ளை தலையில் அந்தப் பாரத்தையும் ஏற்றவா?

நடந்தது இது. ஜெமிமா சொன்னாள்: "எஸ்தர் இன்னிக்கு வரலைங்கய்யா."

பக்கத்தில் நின்ற வேல்விழி, ஆமாம், வரவில்லை என்று தலையாட்டினாள்.

கூட்டம் முடிந்ததும் பெஞ்சுகளை அடுக்க யோகராசா உள்ளே வந்தார். எப்போதும் அவர்தான் அடுக்குவார். கடைசி பெஞ்சைத் தூக்கும்போது, ஜெமிமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "தண்ணியப் பற்றி எழுதினது சரிதான் டீச்சர். அண்டைக்கு அப்பிடித்தான் கிடந்தது."

5

அதற்கு ஜெமிமா சொன்ன பதில்...

ஜெமிமா யாரென்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். ஊழியத்தை விட்டுவிட்டு விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளுகிறேன். பெயரை மாற்றிப் போட்டுத் தப்பித்துக்கொள்கிற புத்தி மட்டும் போகவில்லை. அந்த அப்பாவுக்கும் மகளுக்கும் இங்கே வேறு பெயர்தான். இந்தத் தடவையும் அவர்களைக் கேட்காமல்தான் எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கு அவருக்கு நான் பதிலே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதை மைக்கில் வாசிக்கப்போகிறவள் வேல்விழி. திக்காமல் வாசிப்பாள். கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருப்பார்.