ஆதத்துக்கு எண்ணெய்

சலரோகம், அதுதான் நீரிழிவு, முனவ்வறாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த காலும் கறுத்துக்கொண்டு வந்தது. புத்தளத்து டொக்டர் அவள் புருஷன் லாபிரை வெளியே கூப்பிட்டு, இந்த மாரிக்காலத்தைத் தாண்டினால் பெரிய காரியம் என்றார். அகதிமுகாமின் கிடுகுக் கொட்டிலுக்குள், படுத்த படுக்கையில் கிடந்தபடி அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இஞ்சேருங்க. சண்டை நிண்டு பாதை திறந்து ஒரு வருஷமாச்சு. ஊருக்குப் போய் பஸ்தியாம்பிள்ளை அண்ணரைக் கண்டு, ஆதத்துக்கு எண்ணெய் கிடைச்சதா எண்டு கேட்டுக்கொண்டு வாங்க.”

“உனக்கென்ன விசரா? கால் போகுது, நீ கதைக்கு அலையுறாய்.”

“கால் போனது போகட்டும். கதை அரைவாசியில நிக்குது.”

அந்தக் கதை முல்லைத்தீவில் லாபிரின் வயல் வரம்பில் தொடங்கியது. பக்கத்து வயல்காரர் பஸ்தியாம்பிள்ளை, கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். இளவயதில் ஒரு கிழட்டுச் சாமியாருக்குச் சமைத்துப் போட்டவர். அந்தச் சாமியாருக்கு வேலை, திருச்சபை ஒதுக்கிவைத்த பழைய ஏடுகளைத் தமிழில் எழுதிப் பார்ப்பது. எழுதுவார், பிடிக்காவிட்டால் கசக்கி அடுப்புக்கு எறிவார். பஸ்தியாம்பிள்ளை கசங்கலை விரித்து, கொப்பியில் பார்த்தெழுதிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார். தோட்டத்தால் துரத்தப்பட்ட பிறகு ஆதாமும் ஏவாளும் பட்ட பாடு முழுக்க அந்தக் கொப்பியில் இருந்தது.

புல்லுப் பிடுங்கி இடுப்பு நாரி முறிந்து எல்லாரும் மருதமர நிழலில் குந்துகிற மத்தியான நேரத்தில் அவர் கொப்பியை விரிப்பார். லாபிர், முனவ்வறா, கூலிக்கு வந்த செல்வராசா, அவன் பெண்சாதி ராக்காயி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த சனம் செல்வராசாவும் ராக்காயியும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம். அதற்கு மேல் கெஞ்சினாலும் வாசிக்கமாட்டார்.

தோட்டத்துக்கு வெளியே ஆதாமுக்குப் பசித்தது. ஏழு நாள் தேடியும் மிருகம் தின்கிற புல்லுத்தான் கண்ணில் பட்டது. மன்னிப்புக் கேட்டு அவர் ஒரு ஆற்றிலும் ஏவாள் வேறொரு ஆற்றிலும் கழுத்தளவு தண்ணீரில் நின்றார்கள். சாத்தான் சம்மனசு வேஷத்தில், வானதூதனைப்போல வந்து, மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று சொல்லி ஏவாளைக் கரையேற்றிவிட்டான்.

“ரெண்டாந்தரமும் ஹவ்வாவைத்தான் ஏமாத்தினானாமோ?” என்று முனவ்வறா முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி கேட்டாள். “எழுதினவன் ஆம்பிளைதான். அவன்ர பெண்சாதி அண்டைக்குச் சோறு போட்டிருக்கமாட்டாள்.”

பஸ்தியாம்பிள்ளை சிரித்த சிரிப்பில் கொப்பி சேற்றில் விழப் பார்த்தது.

பிறகு சம்மனசு விதை கொண்டுவந்து ஆதாமுக்கு உழப் பழக்கிய பக்கம் வந்தது. அன்றைக்குச் செல்வராசா, “அவருக்குச் சொல்லிக் குடுத்தவன் பிழையாச் சொல்லிட்டான். இன்னும் நாரி நோவுது,” என்றான்.

கடைசியாக அவர்கள் கேட்டது, கிழவர் ஆதாம் நோயில் விழுந்த பக்கம். வேதனை தாங்காமல் மகன் சேத்தையும் ஏவாளையும் தோட்டத்து வாசலுக்கு அனுப்புகிறார். உள்ளே ஒரு மரத்தில் எண்ணெய் வடிகிறது, ஒரு துளி வாங்கி வாருங்கள் என்கிறார். தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு தாயும் மகனும் வாசலில் அழுதார்கள். பஸ்தியாம்பிள்ளை கொப்பியை மூடினார்.

அது தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி. விதைத்த நெல் நாலு விரல் உயரம். முஸ்லிம் சனம் எல்லாரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டும் என்று இயக்கக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கதையைக் கேட்டு முடிக்கிற நேரமா அது.

புத்தளத்தில் மவ்லவியிடம் அவள் ஒருமுறை விசாரித்துப் பார்த்தாள். “அதெல்லாம் இஸ்ராயீலிய்யாத்து. யூதரும் கிறிஸ்தவரும் சொல்லிவந்த பழங்கதை. நம்பவும் வேணாம், பொய் எண்டு சொல்லவும் வேணாம்,” என்றார் அவர். “அப்ப முடிவைச் சொன்னால் என்ன?” என்று இவள். அவருக்கும் தெரியாது.

லாபிர் வெளிக்கிட்டான். முல்லைத்தீவில் பஸ்ஸால் இறங்கி இரண்டு கட்டை தூரம் நடந்தான். வாழ்நாள் முழுக்க நடந்த ஒழுங்கையில் வழி கேட்க வேண்டியிருந்தது அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவனுடைய வளவில் யாரோ போட்ட தறப்பாள் கூரை வீடு ஒன்று நின்றது; முற்றத்து மண்ணில் மூன்று பிள்ளைகள் புரண்டுகொண்டிருந்தார்கள். படலையைப் பிடித்தபடி நின்றவனைக் கண்டு ஒரு இளம் பெண் வந்தாள். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவள். பெயர் தர்மிளா.

“ஆரைத் தேடுறியள் ஐயா?”

நெஞ்சுவரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, “பஸ்தியாம்பிள்ளை உபதேசியாரை,” என்றான்.

“அவர் செத்து ஏழெட்டு வருஷமாம். சாகும்வரைக்கும் கூட இருந்து பார்த்தது செல்வராசா எண்டொரு ஆள்தானாம். அந்தாள் இப்ப கனகராயன்குளத்தில. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்.”

தன்னுடைய வளவுக்குள் விருந்தாளியாகப் போய்க் குந்த அவனால் முடியவில்லை. தண்ணீர்கூட வாங்காமல் திரும்பினான்.

கனகராயன்குளத்தில், தெருவில் இருந்து உள்ளே தள்ளி, செல்வராசா கச்சான் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தவன் செடியை எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

“நானா! என்னா இப்பிடி எலும்பாப் போயிட்டீங்க?”

“நீ மட்டும் என்ன, சம்பந்தி வீட்டில இருந்தனீயோ?”

கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செல்வராசாவின் கையில் இருந்த மண் முழுக்க லாபிரின் வெள்ளைச் சேட்டில். லாபிர் விஷயத்தைச் சொன்னதும் செல்வராசாவின் முகம் மலர்ந்தது.

“கொப்பி பத்திரமா இருக்கு நானா. அவரு என் கையிலதான் குடுத்தாரு. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாதுன்னு அவருக்குத் தெரியும். இருந்தாலும் குடுத்தாரு. ஆறு இடம் மாறினோம். சட்டி பானை போச்சு, கொப்பி போகல. அடியே, அதை எடு!”

ராக்காயி குசினிக்குள் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த பரணில் கையை விட்டாள். விதைச்சோளக் கதிருக்கும் சுரை விதைக்கும் நடுவில் இருந்து ஒரு பொட்டலம் வந்தது. லாபிர் அதை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான்.

“அடுப்புப் புகைக்குள்ளயா வச்சனீங்க?”

“பெறகு? விதையெல்லாம் அங்கதானுங்களே வைக்கிறோம்,” என்றாள் ராக்காயி. “புழு அண்டாது, கறையான் ஏறாது. எந்த ஊருக்குப் போனாலும் மொதல்ல பரணக் கட்டி இதைத்தான் வச்சோம்.”

கறையான் ஏறவில்லைத்தான். ஆனால் அத்தனை வருஷமும் கொப்பியின் பின்பக்கம் அடுப்பைப் பார்த்தபடி இருந்திருக்கிறது. முன்தாள்கள் தேத்தண்ணி நிறம். புரட்டப் புரட்டக் கறுத்துக்கொண்டு போய், கடைசிப் பத்துத் தாளும் அப்பளம் மாதிரி நொறுங்கி லாபிரின் மடியில் கொட்டின. தலையில் மண்ணை அள்ளிப் போட்டு அழுத இடம் வரைக்கும் வாசிக்க முடிந்தது. அதற்குப் பிறகு கரி.

செல்வராசா மடியில் கிடந்த தூளைப் பார்த்தான். “வாசிக்கத் தெரிஞ்சவன் வச்சிருந்தா இப்பிடி ஆகியிருக்காது,” என்று முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“விடு. நீ வைக்காட்டி இதுவும் இல்லை,” என்றான் லாபிர். “முனவ்வறாவுக்கு என்னத்தைச் சொல்ல?”

“முடிவு எனக்குத் தெரியும் நானா. தொண்ணூத்தஞ்சுல கோயில் கொட்டிலுல இருந்தப்ப வாசிச்சுக் காட்டினாரு. எண்ணெய் குடுக்கல.”

“என்ன?”

“குடுக்கல. இப்ப இல்ல, ஐயாயிரத்து ஐந்நூறு வருஷம் போகட்டும்னு சம்மனசு சொல்லிருச்சு. போ, ஒங்கப்பன் சாகப் போறான்னுச்சு. கையில வாசனைச் சரக்கு கொஞ்சம் குடுத்து அனுப்பிருச்சு. கறுவாப்பட்டை, இன்னும் என்னமோ.”

“கறுவாவோ? எண்ணெய் கேட்டுப் போனவருக்குக் கறிச்சரக்கோ?”

“அப்பிடித்தான் எழுதியிருந்திச்சு. நானும் கேட்டேன். வெறுங்கையோட அனுப்பலைதானேன்னாரு.”

லாபிர் சிரிக்கத் தொடங்கி அது இருமலில் முடிந்தது.

புத்தளம் போகும்வரைக்கும் பஸ்ஸில் அவன் பொய் கட்டினான். சாகக் கிடக்கிறவளிடம் போய் எண்ணெய் கிடைக்கவில்லை என்று எந்த நாக்கால் சொல்வது? ஒரு துளி, ஒரேயொரு துளி கொடுத்ததாகச் சொல்லலாம். சம்மனசு இரங்கியது, ஆதம் எழும்பி நடந்தார். நல்லாய்த்தான் இருந்தது.

கொட்டிலுக்குள் போனதும் முனவ்வறா தலையணையில் உயர்ந்து இருந்தாள். மகள் ஸஹீலா தாயின் முதுகைத் தாங்கிக்கொண்டாள்.

“கிடைச்சது,” என்றான் லாபிர். “ஒரு துளி.”

முனவ்வறா அவனை உற்றுப் பார்த்தாள். “அப்ப ஆதம் ஏன் மவுத்தானார்?”

லாபிர் சேட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான்.

“உலகத்துக்கே தெரியும் அவர் மவுத்தாகி மண்ணுக்குள்ள போனது. என்னையோ ஏமாத்துறீங்க? நான் என்ன, கொப்பியில வாற ஹவ்வாவோ?”

அவன் கட்டிலோரம் குந்தினான். பஸ்தியாம்பிள்ளை செத்தது, பரண், கரி, கறுவாப்பட்டை என்று எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னான். கறுவாப்பட்டைக்கு அவள் சிரித்தாள். உபதேசியாருக்காகக் கண்ணைத் துடைத்தாள்.

“மகன் ஷீது எண்ணெய் இல்லாமல் வந்தோடன ஆதம் என்ன கேட்டாராம்?”

“அது செல்வராசாவுக்கு நினைவில்லை.”

“நான் சொல்லுறன். ‘மகன், வாசல்ல நிண்டியே, உள்ளுக்கு என்னத்தைக் கண்டாய்?’ எண்டுதான் கேட்டிருப்பார். எண்ணெய் ஆருக்கு வேணும்.” அவள் அவன் கையைப் பிடித்தாள். “இப்ப நீங்க சொல்லுங்க. எங்கட வளவுக்குள்ள ஆர்?”

“ஒரு பிள்ளை. தர்மிளா எண்டு பேர். மூண்டு சின்னதுகள் மண்ணுக்குள்ள புரளுதுகள்.”

“வளவு எங்கட எண்டு சொன்னீங்களா?”

“இல்லை. என்னெண்டு சொல்லுறது? அதுகளையும் ஆரோ துரத்தித்தான் வந்திருக்குதுகள்.”

உரிமை கேட்கச் சொல்லுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் திடுக்கிட்டவள் மாதிரி நிமிர்ந்தாள்.

“மூண்டு பிள்ளையளோ? வடக்கு வேலியோட இருக்கிற பாழ்கிணத்துக்குக் கட்டு இல்லையே! புல்லு மூடிக் கிடக்கும், பிள்ளையள் தெரியாமல் விழுந்திடுவினம். நீங்க நாளைக்கே திரும்பிப் போங்க. போய் அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க.”