நீல ஒட்டகச்சிவிங்கி நிற்கும் இடம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. குப்பையில் கிடந்த குழாயையும் சைக்கிள் செயினையும் வைத்து ஒருத்தி கொக்கு செய்திருந்தாள். என்னிடம் மூட்டை மூட்டையாகச் சொற்கள் இருந்தும் ஒரு குருவிகூடத் தேறியதில்லை.

தொடக்கம்: இடிபடும் தெருவில் மாலை வெயில் மெல்ல...

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

2

அக்கா சிற்பி, தங்கை புகைப்படக்காரி. பழைய வீடுகள் போய் அடுக்குமாடிகள் முளைக்கும் தெருவில் இருவரும் பழைய சாமான் பொறுக்குவார்கள். ஒரு கட்டுப்பாடு உண்டு. கிடக்கிற இடத்திலேயே தங்கை படமெடுத்து, அக்கம்பக்கம் விசாரித்த பிறகுதான் அக்கா பொருளைத் தொடலாம்.

ஒருநாள் தங்கைக்குக் காய்ச்சல். அக்காவுக்குப் பொறுமை ஏது? சுவரில் சாய்ந்திருந்த நீல இரும்புக் கேட்டைத் தூக்கி வந்துவிட்டாள். கையெல்லாம் ஈர பெயின்ட். குப்பைக்கு யாராவது பெயின்ட் அடிப்பார்களா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வெட்டி, வளைத்து, பற்றவைத்து ஒட்டகச்சிவிங்கியாக்கினாள். அவள் செய்ததிலேயே அதுதான் அழகு. முதல் கண்காட்சிக்கு அதைத்தான் நம்பியிருந்தாள்.

(அவளை இன்னும் கொஞ்சம் நல்லவளாக எழுதிப் பார்த்தேன். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

3

கண்காட்சிக்கு முதல் நாள், அக்கம்பக்கம் விசாரித்துக்கொண்டு ஒரு தையல்காரர் வந்தார். அந்தத் தெருவில் வீட்டை விற்காத ஒரே ஆள். பெயின்ட் அடித்துக் காய வைத்திருந்த கேட் காணாமல் போனதும் அவரும் காலி செய்கிறார் என்று பேச்சு கிளம்பி, துணி கொடுப்பவர்கள் வருவதே நின்றுவிட்டதாம்.

"தெரியாம எடுத்துட்டேன்ணே. புதுசா ஒண்ணு செஞ்சு தந்துடறேன்."

"புதுசு எதுக்கும்மா? என் கேட்டைக் குடுங்க. எந்த உருவத்துல இருந்தாலும் சரி."

4

முதல் முடிவு: அவர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார். (எழுதும்போதே என்னை முறைத்தார்.)

இரண்டாம் முடிவு: அக்கா ஒட்டகச்சிவிங்கியை வெட்டி மறுபடி கேட்டாக்குகிறாள். (வெல்டிங் மெஷினை ஒளித்து வைத்துவிட்டாள்.)

அக்கா அழுதேவிட்டாள். தங்கைதான் வழி சொன்னாள்.

"இப்படியே அவர் வாசல்ல மாட்டிடுவோம். கண்காட்சியில படத்தை மட்டும் வைப்போம், பக்கத்துல விலாசத்தோட."

மாட்டினார்கள். தள்ளினால் ஒட்டகச்சிவிங்கி தலையாட்டிக்கொண்டே திறந்தது. தையல்காரர் சிரித்துவிட்டார்.

5

படத்தைப் பார்த்துவிட்டு யாராவது தெரு வரை வருவார்களா? நான் எழுத மாட்டேன். அக்கா வாசலில் நிற்கிறாள், நகத்தைக் கடித்தபடி. அவர் தையல் மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறார்.

நீங்கள் வந்தால் கேட்டை உள்பக்கமாகத் தள்ளுங்கள். தைக்க ஏதாவது இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.