செஸ்டர் ஆர்தரும் பேரருவியும்

மூன்று சாரல் பருவத்துக்கு முன்னால் குற்றாலம் பேரருவி செல்லப்பாவின் மேல் மட்டும் விழ மறுத்தது. அவன் நின்ற இடத்தில் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இறங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் குளிரில் வெடவெடக்க, அவன் நெற்றித் திருநீறுகூட அழியவில்லை. தென்காசியில் நெசவாளர் சங்கமொன்றில் எழுத்தர் வேலை கிடைத்த சந்தோஷத்தில் குளிக்க வந்தவன் அவன். அந்த வேலைக்கான பரீட்சையில் முதலாவதாக வந்தவள் ஹம்னா.

காரணம் தேடி யாரும் அலையவில்லை. இந்தப் பக்கம் வேலை கேட்பவர்கள் சங்கச் செயலாளர் வீட்டுக்கு ஒரு கூடை மங்குஸ்தான் கொண்டுபோவது வழக்கம். லஞ்சம் என்று சொல்ல நாக்கு வராது, பழம்தானே. செல்லப்பா கொடுத்தான், ஹம்னா கொடுக்கவில்லை. வேலை கைநழுவியதும் அவள் வயிற்றெரிச்சலில் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து ஒரு படத்தைக் கிழித்து அருவிக்கரைத் தூணில் ஒட்டிவிட்டு வந்தாள். செஸ்டர் ஆர்தர், பழைய அமெரிக்க ஜனாதிபதி, கன்னம் முழுக்கக் கிருதா. ஆள் செல்வாக்கில் பதவிக்கு வந்தவர், ஜனாதிபதியானதும் அரசு வேலைக்குப் பரீட்சை வைக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கூட்டாளிகளை வாய்பிளக்க வைத்தார். அவர் நாட்டிலேயே அவரை நினைப்பவர்கள் குறைவு. படம் ஒட்டிய மறுநாள்தான் அருவி செல்லப்பாவை ஒதுக்கியது.

செல்லப்பா ரோஷக்காரன், வேலையை விட்டுவிட்டான். சங்கம் மறுபடி பரீட்சை வைத்தது, ஹம்னா மறுபடி முதலாவதாக வந்தாள். ஆனால் ஊர் இப்போது மதிப்பெண்ணை மட்டும் நம்பவில்லை, அருவியில் நின்று காட்டச் சொன்னது. அவள் புறப்படும்போது உம்மா மாஜிதா வாசலை மறித்தாள்.

"ஏட்டி, போவாத. செயலாளர் வீட்ல நேத்து நான் ஒரு கூடை குடுத்துட்டேன். இன்னொரு தடவ ஏமாந்தா நீ தாங்க மாட்டியேன்னுதான் குடுத்தேன்."

படித்ததெல்லாம் ஒரு கூடைப் பழத்தில் போயிற்றே என்று ஹம்னாவுக்கு நெஞ்சு எரிந்தது. நேரே செயலாளர் குற்றாலீஸ்வரன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, எங்க உம்மா கூடையத் தாங்க."

"பாதி தின்னாச்சேம்மா."

"மிச்சத்தத் தாங்க. தின்னத நீங்களே அருவிக்கரையில வந்து சொல்லுங்க."

தன்னையும் அருவி நனைக்காததை மனைவியிடம்கூடச் சொல்லாமல் வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். தூணருகே கூட்டத்தின் நடுவில் அதை இறக்கி வைத்தார். "வாங்கித் தின்னது நாந்தான். இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது," என்றார்.

ஹம்னா பெண்கள் பக்கம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பேரருவி மொத்தமாக அவள் தலையில் இறங்கியது. மூச்சு முட்டியது, சிரிப்பு அடங்கவில்லை. மாஜிதா அழுதுகொண்டே ஓடி மகளோடு நனைந்தாள், பெண்கள் போட்ட குலவை அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வேலையை விட்டபின் முதல்முறையாக அருவிப் பக்கம் வேடிக்கை பார்க்க வந்த செல்லப்பா ஆண்கள் பக்கம் மெல்லத் தலையை நீட்டினான். அவனும் தொப்பலாக நனைந்தான்.

இப்போது அந்தச் சங்கத்தின் வேலை அறிவிப்புகளில் அசல் சான்றிதழோடு துண்டும் மாற்றுத்துணியும் கொண்டுவரச் சொல்கிறார்கள். அறிவிப்பைத் தட்டச்சு செய்பவள் எழுத்தர் ஹம்னா. இந்த வருஷம் சாரல் பிந்திவிட்டது, அதனால் வேலை நியமனமும் தள்ளிப்போயிருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை.