மறுவீட்டுக்கு ஒரு பிரேக் பேடு

கல்யாண மண்டபத்து வாசலில் நாங்கள் ஏறியதிலிருந்து எங்கள் கார் நிற்கவில்லை. கார் என்னுடையது. பிரேக் பேடு மட்டும் என் மனைவி பூங்கோதையின் தாய்மாமன் ரங்கராசு செய்த சீர். ரேஸ் பேடு. நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும். மார்க்கெட் ரோட்டில் நான் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அது எங்கே சூடேறும்?

மற்றபடி ஒரு குறையும் இல்லை. பங்க்காரர் கூடவே ஓடிவந்து பெட்ரோல் போடுவார். தினமும் மாமியார் வீட்டு வாசலைக் கடப்போம். மாமியார் பழனாத்தாள் ஜன்னல் வழியாக இலையைக் கொடுப்பார். அடுத்த சுற்றில் சாம்பார் ஊற்றுவார். ரசம் வருவதற்குள் எனக்கு மறுபடி பசித்துவிடும். ஆனால் மறுவீட்டு விருந்து என்றால் பெண் படியேறி உள்ளே போகவேண்டும். அதுதான் நடக்கவில்லை. வீடு பின்னால் போனதும் பூங்கோதை திரும்பித் திரும்பி அந்தப் படியையே பார்ப்பாள். எனக்கு அது தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உதிரிபாகக் கடை சபாபதியை வரச் சொன்னோம். தாம்பாளத்தில் பேடுகளை அடுக்கிக்கொண்டு மொபெட்டில் பக்கத்திலேயே வந்தார்.

“தினம் எங்கெங்க போவீங்க?”

“மார்க்கெட்டு. எங்கம்மா வீடு,” என்றாள் பூங்கோதை.

“அதுக்கெதுக்குங்க அம்மணி ரேஸ் பேடு? இந்தச் சாதாப் பேடு காலைல எந்திரிச்ச உடனே பிடிக்கும். கத்தாது. டிஸ்க்கைத் தின்னாது. நில்லுன்னா நின்னுக்கும்.”

“மாமன் கோவிச்சுக்குவாருங்க,” என்று என்னைப் பார்த்தாள்.

சீரை வெளியே வீசினால்தானே கோபம்? பழைய பேடுக்குச் சந்தனம் வைத்து, பின்சீட்டில் சீராக வந்த வெள்ளிக் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் உட்காரவைத்தோம். ஓட ஓடவே சபாபதி புதியதை மாட்டினார்.

வாசல் வந்தது. மிதித்தேன். கார் நின்றது. பூங்கோதை இறங்கிப் படியேறினாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் காலை எடுக்க மனமே வரவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தேன். எதிரே வந்த பஸ் நின்றது. பிறகு மேகம். பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் நின்றுவிட்டது.

“காலை எடுத்துராதீங்க மாப்ளே, திங்கக்கெழமை வந்துரும்,” என்றார் மாமியார்.

நான் எடுக்கவில்லை. தெருப் பிள்ளைகள் என் முட்டிக்கு ஒரு தலையணை கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே பூங்கோதை சிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. விருந்து இன்னும் முடியவில்லை.

வாசலில் வந்து நின்ற யாரையும் காபி கொடுக்காமல் அனுப்பும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. சூரியன் கொய்யா மரத்துக்கு மேலே நிற்கிறது. மாமியார் இரண்டு டம்ளர்களோடு ஏணியில் ஏறிக்கொண்டிருக்கிறார். மேகத்துக்குச் சர்க்கரை கம்மி.